ஓரெழுத்து வேற்றுமை

மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போலவே, எம் குடும்பத்தையும் தாய்மண்ணோடு பிணைத்து வைத்தது ஒரு சாலையே. சாமராஜநகரைக் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளில் இறங்கினால் பண்ணாரி, அப்பால் சத்தியமங்கலம். பங்குனிக் குண்டத்தன்று அம்மனை வணங்க எம் அன்னையார் தவறியதில்லை. முழங்கால் நோயினால் பேருந்துப் பயணம் அவருக்கு இயலாமற் போனபின், தந்தையாரின் பழைய அம்பாசடரே துணையாயிற்று.

அதன் 1489 சி.சி. டீசல் எஞ்சின் மலை இறங்கும்போது இன்முகம் காட்டும். திரும்பி ஏறும்போதோ பாதி வழியில் நின்று இளைப்பாறும். 1998இல், ஜப்பானிலிருந்து வந்த பழைய இசுசு டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்துவதென முடிவு செய்தோம். 1995 சி.சி. உடைய 4எஃப்சி1 என்னும் வகை காண்டெஸா கார்களிலும் இடம்பெற்றிருந்தது; ஆதலால் உதிரிப் பாகங்களுக்குக் குறைவிராது என்பது எம் கணக்கு.

வெளியூர் வணிகர் ஒருவர், "இதுதான் அந்த ரெண்டாயிரம்" என்று உறுதி கூறினார். முழுத் தொகையும் கொடுத்து வாங்கி வந்தோம். எம் மேஸ்திரி துருவைச் சுரண்டி எண்ணைத் தேடினார். நான்கு தெரிந்தது, எஃப் தெரிந்தது, அடுத்த எழுத்து தேய்ந்து கிடந்தது.

"ஐயா, இது சியா பியான்னு தெரியலையே! பீயா இருந்தா வேற எஞ்சின்" என்றார்.

அந்த ஓரெழுத்தில்தான் எம் துன்பமெல்லாம் அடங்கியிருந்தது. 4எஃப்பி1 என்பது ஜப்பானில் ஜெமினி கார்களில் இயங்கிய 1817 சி.சி. டீசல் எஞ்சின். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 84 மில்லிமீட்டரே. வெளித்தோற்றம் கண்டு வேறுபாடு உரைத்தல் அரிது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்தார் மேஸ்திரி. 90 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும்; 82தான் இருந்தது.

வணிகர் திரும்பப் பெற மறுத்தார். ஹெட் கேஸ்கட் கேட்டுக் கடை கடையாக அலைந்தோம். "ஆயிரத்தெண்ணூறு" என்றவுடன், காண்டெஸாவின் பெட்ரோல் எஞ்சினுக்குரியதையே எடுத்து நீட்டினர். அதுவும் 1817 சி.சி. உடையதே! அவ்வாண்டுக் குண்டம் கழிந்தது. அன்னையார் வீட்டிலேயே விளக்கேற்றி வணங்கினார்; எம்மை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே எமக்குப் பெரிதும் சுட்டது.

"தாளில் 1995 என்றே இருக்கட்டும், யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?" என்றனர் சிலர். தந்தையார் இசையவில்லை. எஞ்சினை மாற்றினால் பதிவுச் சான்றிதழில் அதனைப் பதிதல் வேண்டும் என்பது சட்டம். 1817 என்றே எழுதுவித்தார்.

மறு பங்குனியில், கேஸ்கட் கிடைத்து உயிர்பெற்ற அவ்வெஞ்சின், நாங்கள் எதிர்பார்த்ததினும் சிறியதாயினும், 27 வளைவுகளையும் நில்லாது ஏறிற்று. அன்னையார் பின்னிருக்கையில் உறங்கியே போனார்.

2014இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. அன்பர்களே, ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நம் வீடுகளில், தாளில் எழுதிய பெயர் ஒன்றும் உள்ளிருக்கும் பெயர் ஒன்றுமாய் இருப்பது புதிதன்று. பிறர் சொல்லும் பெயரை நம்புமுன், உள்ளே அளந்து பார்ப்போம். அளந்து கண்டது சிறிதேயாயினும் அதனையே எழுதுவோம்.