புசல்லாவையில் அரை நாள்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையின் அழகை அறியாதவர் நம்மிடையே சிலரே. பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என ஊர் ஊராக ஏறிச் செல்லும் அப்பாதை, ஏறக்குறைய 80 கிலோமீற்றருக்குள் நம்மை 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திற்குக் கொண்டு சேர்க்கின்றது. சென்ற மார்கழி விடுமுறையில் குடும்பத்துடன் அவ்வழியே சென்றபோது, அரை நாளைப் புசல்லாவையிற் கழிக்க நேர்ந்தது. அது நாங்கள் திட்டமிட்ட தரிப்பன்று.

எங்கள் வண்டி இருபது வயதைக் கடந்த ஜப்பானியக் கார். கம்பளையைத் தாண்டி மேடேறத் தொடங்கியதும், வளைவுகளிற் சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் எஞ்சின் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. புசல்லாவைக் கடைத்தெருவை அணுகுகையிற் சுக்கான் திடீரெனக் கல்லாய்க் கனத்தது. "அப்பா, புகை!" என்று மகள் கூவினாள். ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தேன். சிவந்த எண்ணெய், சூடேறிய புகைக்குழாயின்மேற் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. சில வாரங்களாக எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையிற் கண்ட சிவப்புத் துளிகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. கண்டும் காணாததுபோல் இருந்த குற்றம் என்னுடையதே.

எண்பது வயதான என் தந்தையாரோ சற்றும் கலங்கவில்லை. இளமையில் ஒஸ்டின் ஏ-40 ஓட்டியவர் அவர். "அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததோ? பலமாய்ப் பிடித்து ஓட்டு, தம்பி. இருட்டுமுன் போய்விடலாம்" என்றார்.

அண்மையிலிருந்த கராஜிலிருந்து வந்த இளைஞர் அதைக் கேட்டுப் புன்னகை செய்தார். "பெரியய்யா ஓட்டின கார் கைபலத்துக்குன்னே செஞ்சதுங்க. சுக்கான் பெருசு. இது பம்பை நம்பிச் செஞ்சது. எண்ணெய் இல்லாமப் போனா பம்பும் போகும். புகைக்குழாயில எண்ணெய் பட்டா நெருப்பும் பிடிக்கலாம். அதோட இறம்பொட வளைவுகள் இனித்தான் இருக்கு" என்றார்.

உண்மையும் அதுவே. அமெரிக்கப் பொறியியலாளரான பிரான்சிஸ் டேவிஸ் என்பவர், எண்ணெயின் அமுக்கத்தாற் சுக்கானுக்குத் துணைபுரியும் அமைப்பை 1920களில் உருவாக்கினார். 1951இல் கிறைஸ்லர் நிறுவனம் அத்தகைய அமைப்பைத் தன் கார்களிற் பொருத்தி விற்கத் தொடங்கியது. எஞ்சினாற் சுழலும் பம்பு எண்ணெயைத் தள்ள, ஒரு குழாய் அதனைச் சுக்கான் பெட்டிக்குக் கொண்டு செல்லும். மற்றொன்று அதனைத் திருப்பிக் கொணரும். முதற் குழாயில் அமுக்கம் சதுர அங்குலத்திற்கு 1,000 இறாத்தலையும் கடக்கும். எங்கள் வண்டியில் வெடித்தது அக்குழாயே. இன்றைய புதிய கார்கள் பலவற்றில் இவ்வேலையை மின்மோட்டாரே செய்வதால் அவற்றிற்கு இக்குழாய்கள் இல்லை.

"இறுக்கமாக நாடா சுற்றினால் நுவரெலியா வரையேனும் தாங்காதா?" என்று கேட்டேன். "திரும்பி வர்ற குழாயா இருந்தா யோசிக்கலாம். இது தாங்காதுங்க" என்றார். எஞ்சினை இயக்கி, கசியும் இடத்தைக் கையாற் தடவிப் பார்க்கலாமே என்றேன். அவர் என் கையைப் பற்றித் தடுத்தார். ஊசிமுனை போலப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்சென்றுவிடுமாம். மட்டைத் துண்டொன்றை நீட்டியே பார்க்கவேண்டுமாம்.

கழற்றிய குழாயுடன் உதவிப் பையன் கம்பளைக்குப் பஸ் ஏறினான். பழைய உலோக முனைகளில், கம்பிப் பின்னலுள்ள புதிய றப்பர்க் குழாயை இயந்திரத்தால் நெரித்துப் பொருத்தும் கடை அங்கே உண்டு.

காத்திருந்த வேளையில், இளைஞரின் தாயார் எங்களுக்குத் தேநீர் கொணர்ந்தார். கொழுந்து பறித்தே முதுமையடைந்த கரங்கள். எதிரே பச்சைப் பாய் விரித்தாற்போல மலைச்சரிவு. ஒரு காலத்தில் அங்கே கோப்பியே செழித்தது. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்த பின்னரே தேயிலை மலைகளெங்கும் பரவிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் அவர்தம் சந்ததியாருமே அதனை வளர்த்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த அச்சமூகத்தினருள், எஞ்சியோருக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. "எனக்கு அப்பதாங்க கெடச்சிச்சு" என்றார் அந்த அம்மையார், சாதாரணமாக.

தந்தையார் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "நாற்பது வருஷம் இந்த வழியாற் போய்வந்திருக்கிறேன். தேத்தண்ணி குடிக்க நிறுத்தினேனே தவிர, ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை" என்றார்.

பையன் திரும்பியதும் வேலை மும்முரமாயிற்று. புதிய றப்பர் வளையங்களை இட்டு, மரை பிசகாதிருக்க முதலிற் கையாற் திருகி, அதன்பின் ஸ்பனரால் இறுக்கினார். பழைய குழாய் வெடித்த காரணத்தையும் காட்டினார். முன்னர் எங்கோ பழுதுபார்த்தபோது, குழாயைத் தாங்கும் சிறு பிடியொன்றை மீண்டும் பூட்டாது விட்டிருந்தனர். குழாய் தாழ்ந்து, புகைக்குழாயின் வெப்பத்தில் நாளடைவிற் கருகியிருந்தது. புதிய பிடியொன்றிட்டு அதனை உரிய இடத்தில் நிறுத்தினார். முன்சக்கரங்களை உயர்த்தி, எண்ணெய் நிரப்பி, எஞ்சினை இயக்காமலே சுக்கானை இரு புறமும் மெல்லப் பலமுறை திருப்பச் செய்தார். உள்ளிருந்த காற்றுக் குமிழிகள் வெளியேறின. குறைந்த எண்ணெயை மீண்டும் நிரப்பிய பின்னரே எஞ்சினை இயக்கினார். மட்டைத் துண்டு உலர்ந்தே இருந்தது.

விடைபெறும்போது தந்தையார் அம்மையாரிடம், "திரும்பும்போதும் வருவோம்" என்றார். இறம்பொடை வளைவுகளில் மூடுபனி இறங்கியிருந்தது. சுக்கான் என் விரல்களுக்கு இசைந்து இலேசாகத் திரும்பிற்று. மூன்றாம் நாள் திரும்பி வருகையில், பழுது ஏதுமின்றியே புசல்லாவையில் வண்டியை நிறுத்தினோம்.