பொய்க்களம்

வாட்போர் கற்பவனுக்குப் போர்க்களம் ஒன்றே பள்ளியாக இருக்குமாயின், முதற்பாடத்திலேயே மாணாக்கர் பலர் மாண்டொழிவர். ஆதலின், மெய்யான களம் புகுமுன் பொய்யான களம் ஒன்று அமைத்துப் பழகுதல் எந்நாட்டிலும் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இந்நாளில் அப்பொய்க்களம், கண்களை மறைத்துத் தலையில் அணியும் ஒரு கருவிக்குள் அடங்கிவிட்டது. அதனைத் தமிழில் 'மெய்ந்நிகர்' என்பர். மெய் என்னும் சொல் உண்மையையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். அக்கருவி காட்டுவது உண்மை அன்று. ஆயினும் உடம்பு அதனை உண்மை என்றே கொள்கிறது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை கண்டு, என் போன்ற பழைய தமிழாசிரியர் மகிழாதிருத்தல் அரிது.

இக்கருவியின் முன்னோரைத் தேடிச் சென்றால், ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையை அடைவோம். நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில், தம் குடும்பத்தார் நடத்திய ஆர்கன் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர் எட்வின் லிங்க். அவர் ஆர்கன் துருத்திகளையே கொண்டு, தரையில் நின்றவாறே வானூர்திபோல் சாய்ந்தும் திரும்பியும் அசையும் ஒரு பெட்டியை 1929-இல் உருவாக்கினார். உலகம் அதனை முதலில் பூங்கா விளையாட்டுப் பொருளாகவே மதித்தது. 1934-இல் அமெரிக்கப் படைவிமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்றனர். இரவிலும் பனியிலும் பறக்கப் பழகாத அவர்களுள் பலர் சில கிழமைகளுக்குள் உயிர் இழந்தனர். அதன் பின்னரே படைத்துறை லிங்கின் பெட்டிகள் ஆறினை விலைக்கு வாங்கியது.

காவலர் பயிற்சிக்கு இம்முறை வந்தது பிற்காலத்தில். 1979-இல் கார்ப்பந்தயத்தில் உலக வாகை சூடிய தென்னாப்பிரிக்கர் ஜோடி ஷெக்டர், 1984-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நிறுவனம் தொடங்கினார். திரையில் ஓடும் காட்சியைக் கண்டு, சுடுவதா விடுவதா என்று காவலர் தேர்ந்து பழகும் கருவிகளை அது செய்தது. அடுத்த ஆண்டே, தப்பியோடுவோன் என்ற காரணம் ஒன்றே கொண்டு ஒருவனைக் காவலர் சுட்டுக் கொல்லலாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுடக் கற்றல் ஒரு பாடம். சுடாதிருக்கக் கற்றல் அதனினும் கடினமான பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டில் என் மகள் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவ்வூர்க் காவல் துறையார் ஒருநாள் மாலை தம் பயிற்சிமுறையைப் பொதுமக்களுக்குக் காட்டினர். மருமகனுடன் யானும் சென்றேன். வெறுமையான கூடம், நடுவே கருவி அணிந்த ஓர் இளங்காவலர். அவர் கண்ட காட்சியைச் சுவர்த்திரையில் நாங்களும் கண்டோம். ஓர் அடுக்களை, கையில் கத்தியுடன் ஓர் இளைஞன், கதவருகே அழுதுநிற்கும் தாய். இளைஞன் யாருடனோ பேசுகிறான். அங்கோ எவரும் இல்லை. "கத்தியைக் கீழே போடு!" என்று காவலர் உரக்கக் கூவினார். அவன் ஓரடி முன்வந்தான். அவனை ஆட்டுவிப்பவர் மூலையில் கணிப்பொறியின்முன் அமர்ந்திருந்த ஆசிரியரே என்பதை நாங்கள் அறிவோம், காவலரும் அறிவார். ஆயினும் அவர் கை துப்பாக்கி உறைமேல் சென்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்னர் அவர் ஈரடி பின்வாங்கினார், உணவுமேசை இருவர்க்கும் இடையே அமையுமாறு நின்றார், குரலைத் தாழ்த்தி, "உன் பெயர் என்ன, தம்பி?" என்னும் பாங்கில் பேசத் தொடங்கினார். நான்கு நிமிடம் கழித்துக் கத்தி மேசைமேல் வைக்கப்பட்டது. கருவியைக் கழற்றியபோது, குளிரூட்டிய அக்கூடத்திலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், கள்வரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். கள்வரைக் கண்டு அஞ்சுதல் காவலர்க்கும் உண்டு. அஞ்சிய நெஞ்சு விரைந்து துடிக்கும். பார்வை ஒரு புள்ளியில் குறுகும். அருகில் ஒலிக்கும் குரலும் செவியில் விழாது. வகுப்பில் அமர்ந்து கேட்ட அறிவுரை அந்நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியால் 2019 முதல் 2022 வரை நடைபெற்ற 'ஷாட்ப்ராஸ்' என்னும் ஆராய்ச்சி, இத்தகைய நெருக்கடியில் காவலர் முடிவெடுக்கும் திறனை மெய்ந்நிகர் வழியாக வளர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது.

இங்கு ஆசிரியத் தொழில் பற்றி ஒன்று கூற விரும்புகிறேன். வினாத்தாளில் உள்ள வினாக்கள் அனைத்திற்கும் விடை ஒன்றே ஆயின், மாணாக்கன் வினாவைப் படியாமலே விடை எழுதுவான். காட்சிதோறும் துப்பாக்கி வெடித்தே முடியுமாயின், காவலரும் வீதியில் அவ்விடையையே தேடுவர். இதனை உணர்ந்தோரும் உளர். ஆக்சான் என்னும் அமெரிக்க நிறுவனம் 2019-இல் அமைத்த காட்சிகளில், காவலர் மனநோயுற்றவராகவே மாறி, அவர் செவியில் ஒலிக்கும் இல்லாத குரல்களைத் தாமும் கேட்கின்றார்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கண் நடப்பதாகக் காட்ட உடம்பு நின்றவாறே இருத்தலால், சிலர்க்குத் தலை சுற்றிக் குமட்டல் உண்டாகிறது. அழும் தாயின் தோளைத் தொட்டு ஆற்றுவதற்கு அங்கே தோள் இல்லை.

காட்சியை எப்பக்கத்திலிருந்தும் மீளக் காணலாம் என்பது அக்கருவியின் தனிச்சிறப்பு. அன்று மாலை ஆசிரியர், அந்த அடுக்களையைக் கத்தி ஏந்திய இளைஞனின் கண்வழியே அக்காவலர்க்குக் காட்டினார். வாயிலை அடைத்து நிற்கும் ஓர் உருவம். உறைமேல் ஒரு கை. இடிபோல் ஒரு குரல். காவலர் சற்றுநேரம் பேசாது நின்றார். "இத்தனை உரக்கவா கூவினேன்?" என்று கேட்டுவிட்டு, அக்காட்சியை மீண்டும் முதலிலிருந்து தொடங்குமாறு ஆசிரியரை வேண்டினார்.