மீன்கள் இறந்தால் பலா நீங்குமா?



ராஜபாளையத்தில் எம் உறவினர் இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் ஐந்து தங்கமீன்கள் ஒரே இரவில் இறந்தன. வீட்டுக்கு வரவிருந்த பலாவை அவை ஏற்றுக்கொண்டன என்றனர் பெரியவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எம்மிடம் ஓதும் அவ்வீட்டுச் சிறுவன், “அப்படியா ஹஜ்ரத்?” என வினவினான்.

நேரில் சென்று விசாரித்தோம். முந்தைய மாலை தொட்டியை முற்றிலும் கழுவி, குழாய்நீரை அப்படியே நிரப்பியிருந்தனர். கிருமிகளை அழிக்கக் குடிநீரில் கலக்கும் குளோரின் அந்த அளவில் நமக்குத் தீங்கற்றது. மீனின் செவுள்களையோ அது சிதைத்துவிடும். மீன்கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்களும் கழுவியதில் அழிந்திருக்கும். நீரைத் திறந்த வாளியில் ஒருநாள் வைத்திருந்து, தொட்டியில் கால்பங்கை மட்டும் மாற்றுவதே முறை.

ஹிஜ்ரி 10இல் அண்ணலாரின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அவருக்காகவே அது நிகழ்ந்ததென மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். மகனை இழந்த துயரிலும் உண்மையையே உரைத்தார்கள். பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் வேதனைக்குள்ளானதையும் அவர்களே அறிவித்தார்கள்.

பலா என்று சொல்லி அமைந்துவிட்டால், அடுத்து வாங்கும் மீன்களும் அவ்வாறே மடியும். வாயில்லா உயிர்கள் நம்மிடம் அமானிதம். அவை இறந்த காரணத்தைத் தேடியறிவதும் அவ்வமானிதத்தைப் பேணுவதேயாகும்.