ஈஸி சேருக்கு ஒரு ஆபரேஷன்

ஈஸி சேர்னு பேரு வெச்ச மகானுபாவர் அதுல உக்கார்றதைப் பத்தி மட்டும்தான் யோசிச்சிருக்கணும். எழுந்திருக்கறது எவ்வளவு கஷ்டம்னு முட்டிவலியோட இருக்கற எங்கப்பாகிட்ட கேட்டாத் தெரியும். வயசு 78.

எங்க வீட்டுல இருக்கறது தேக்குச் சட்டத்துல கேன்வாஸ் துணி மாட்டின பழைய சேர். மடக்கு சேர்தான், ஆனா அதை யாரும் மடக்கி நான் பார்த்ததே இல்லை. பேப்பர், மத்தியானத் தூக்கம், கிரிக்கெட் எல்லாமே அப்பாவுக்கு அதுலதான். ஒரு வருஷமா, உக்காந்தா யாராவது கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. நாங்க ஆபீஸ் போயிட்டா அம்மாதான். அவங்களுக்கோ இடுப்புவலி. அதனால மனுஷர் தண்ணி குடிக்கறதையே குறைச்சுட்டாரு. பாத்ரூம் போக எழுந்திருக்கணுமே! அம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.

"இதைத் தூக்கிப் போட்டுட்டு சோபா வாங்கிடலாம்"னான் அண்ணன். அப்பா பதில் சொல்லலை. பேப்பரை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சுக்கிட்டாரு.

சரின்னு டேப் எடுத்து அளந்தேன். அவர் உக்காந்திருக்கும்போது துணியோட பள்ளம் தரையிலேர்ந்து 11 அங்குலம்தான். சாப்பாட்டு மேஜை நாற்காலி எல்லாம் 17, 18 அங்குலம் இருக்கும். பள்ளத்துல உக்காந்தா இடுப்பு கீழ, முட்டி மேல. மொத்த உடம்பையும் மடங்கின முட்டிதான் தூக்கியாகணும். பிரச்சினை அங்கதான்.

முதல் வேலை, துணியைக் குறைக்கறது. கட்டை நுழையற மடிப்பை இன்னும் 4 அங்குலம் உள்ள தள்ளித் தைக்கணும். மிச்சத் துணியை வெட்டக் கூடாது, பிடிக்கலைன்னா பிரிச்சுக்கலாம் பாருங்க. வீட்டு மெஷின்ல சாதாரண ஊசி உடைஞ்சுடும். பை தைக்கற டெய்லர்கிட்ட கொடுத்து, 18ஆம் நம்பர் ஊசி, தடி நைலான் நூல், ரெட்டைத் தையல். பள்ளம் 2 அங்குலம் மேல வந்துச்சு. துணி இறுகறதால கட்டைக்குப் பாரம் கூடும். அதுல விரிசல் இருக்கான்னு முதல்ல பார்த்துடுங்க.

அடுத்தது கால். நாலு காலுக்கும் அடியில 2 அங்குல மரத்துண்டு, ஆணி இல்லை, ஸ்க்ரூ. மொசைக் தரையில வழுக்காம இருக்க அதுக்குக் கீழ பழைய டயர் ரப்பர். நானே ஏறி உக்காந்து நல்லா ஆட்டிப் பார்த்த பிறகுதான் அப்பாவை விட்டேன்.

மூணாவது, நடுமுதுகுக்கு இலவம்பஞ்சுத் தலையணை. மேல்கட்டையில நாடா போட்டுத் தொங்க விட்டாச்சு, நழுவாது.

ஆக 11 இப்ப 15. செலவுன்னு பார்த்தா டெய்லர் கூலியும் ஸ்க்ரூவும்தான்.

முதல் நாள் அப்பா, "என்னடா, ஸ்கூல் பெஞ்சு மாதிரி பண்ணிட்டே"ன்னாரு. பழைய சொகுசு கொஞ்சம் போனது நிஜம்தான். நாலாம் நாள் காலிங் பெல் அடிச்சுது. அம்மா அடுப்படியிலேர்ந்து கையைத் துடைச்சுக்கிட்டு வர்றதுக்குள்ள அப்பா கைப்பிடியை அழுத்தி எழுந்து, மெதுவா நடந்து போய்க் கதவைத் திறந்துட்டாரு. கேஸ் சிலிண்டர்காரர்தான். ஆனா அம்மா முகத்தைப் பார்க்கணுமே :-)

மெத்து மெத்துன்னு இருந்தா சௌகரியம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். வயசானவங்களுக்கு யார் கையும் பிடிக்காம எழுந்திருக்க முடியறதுதான் சௌகரியம். உங்க வீட்டுப் பெரியவங்க உக்கார்ற இடத்தையும் இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டேப் வெச்சு அளந்து பாருங்க. அப்படியே பக்கத்துல இருக்கற தண்ணிச் சொம்பு காலியாகுதான்னும் பாருங்க.