ஈரம் காயும் நாள்

கரிசல் நிலத்தில் ஆடுகளம் வைத்திருப்போருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் பொறுமையைச் சோதிக்கும் மாதங்கள். ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்து மழையை வேண்டி நிற்கும்போது, மழை நின்றால் தேவலையே என்று மனத்துக்குள் நினைத்து, அவ்வாறு நினைத்தமைக்காகத் தாமே நாணிக்கொள்ளும் ஒரு சிறு கூட்டமும் இவ்வூரில் உண்டு. வளைகோல் பந்தாட்டத்தை, அதாவது ஹாக்கியைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவிப்போரே அக்கூட்டத்தினர். கல்லூரி நாட்களில் ஒரே அணியில் ஆடி, பின்னர் ஆசிரியர், வங்கி ஊழியர், கடைக்காரர் எனத் திசைக்கொருவராய்ப் பிரிந்து, காலை ஐந்தரை மணிக்கு மட்டும் மீண்டும் ஒன்றுகூடும் நாங்கள் நால்வரும் அதில் அடக்கம்.

கோவில்பட்டி என்றதும் பிற ஊரார்க்குக் கடலை மிட்டாய் நினைவுக்கு வரும், தீப்பெட்டி வரும், இலக்கியம் கற்றோர்க்கு இடைசெவலும் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வருவர். ஆயினும் இவ்வூர்த் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு நான்காவதாக ஒன்றும் தெரியும். கையில் ஹாக்கி மட்டையோடு மிதிவண்டியில் விரையும் சிறுவன் இங்கு யாருக்கும் வியப்புக்குரியவன் அல்லன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கிப் பயிற்சி மையம் இங்குள்ளது. செயற்கைப் புல்வெளி அரங்கமும் உண்டு. மே மாதம் வந்தால் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்காக வடநாட்டு அணிகள் வந்து இறங்கும். 2022-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இவ்வூர் மாரீஸ்வரனும், அரியலூரில் பிறந்து இங்கு வந்து பயின்ற கார்த்தியும் ஒருங்கே இடம்பெற்றபோது ஊர் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கார்த்தி 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார்.

இவையெல்லாம் செய்தித்தாளில் வருபவை. நாங்கள் சொல்ல வந்தது, செய்தித்தாளில் வராத அந்த முதல் ஆறு வாரங்களைப் பற்றி.

கரிசல் மண்ணின் இயல்பை அறியாதார்க்கு ஒரு சொல். இம்மண்ணின் களி நீரை உண்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழைக்காலத்தில் இதன்மேல் பத்து அடி நடந்தால் காலணியின் எடை இரட்டிப்பாகும். எங்கள் மைதானத்தின் மேற்பரப்பில் சரளையும் செம்மண்ணும் பரப்பி இறுக்கியுள்ளோம். எனினும் அடியில் இருப்பது கரிசலே. மேலே காய்ந்துவிட்டது போல் தோன்றும். ஓடிப் பார்த்தால் அழுந்தும். அந்நிலையில் ஆடவிட்டால் குழிகள் விழுந்து, அவை அப்படியே காய்ந்து, பங்குனி வரை பந்தைத் திசை திருப்பிக்கொண்டிருக்கும். ஆகவே மார்கழி பிறந்து ஈரம் உலரும் வரை மைதானத்தில் எவரும் கால் வைக்கலாகாது என்பது எங்கள் விதி. சிறுவர்களுக்கு இவ்விதி பிடிப்பதில்லை. எங்களுக்கும் பிடிப்பதில்லை, ஆனால் மண் கேட்பதில்லையே.

அவ்வாரங்களில் பயிற்சி நிற்பதில்லை, இடம் மாறுகிறது. பள்ளித் தாழ்வாரத்தின் சிமெண்டுத் தரையில் குனிந்து நிற்கப் பழக்குவோம். ஹாக்கியில் முதற்பாடம் அடிப்பது அன்று, குனிவதே. முழங்கால் மடங்கி, முதுகு தாழ்ந்து, கண் மட்டும் நிமிர்ந்து நிற்கும் அந்நிலையில் ஒரு சிறுவன் முதல் நாள் மூன்று நிமிடம் தாங்கினால் பெரிது. மட்டையின் தட்டையான இடப் பக்கத்தால் மட்டுமே பந்தை ஆடலாம் என்பதால், பந்து வலத்தே போகும்போதும் இடத்தே போகும்போதும் மணிக்கட்டு சுழன்று மட்டையைப் புரட்ட வேண்டும். அந்தப் புரட்டல் நாள்தோறும் ஐந்நூறு முறை. பந்து வேண்டியதில்லை, வெறும் மட்டை போதும். பிறகு தார்ச்சாலையோரம் ஓட்டம், கயிறு தாண்டல். பந்தே இல்லாத இப்பயிற்சியில்தான் பாதிப் பேர் சலித்து நின்றுவிடுவர். எஞ்சி வருவோரே அவ்வாண்டின் அணி.

இதை எழுதும்போது தூர தேசத்து நிகழ்ச்சி ஒன்று நினைவில் எழுகிறது. நார்வே நாட்டில் டெலிமார்க் என்றொரு பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சோந்த்ரே நோர்ஹைம் என்பார் பெயரோடு ஒருவகைப் பனிச்சறுக்கு முறை இணைத்துப் பேசப்படுகிறது. அதில் வீரனின் குதிகால் சறுக்குப் பலகையோடு கட்டப்படுவதில்லை. வளைவில் திரும்பும்போது ஒரு காலை முன்னிட்டு, மறு முழங்காலை ஆழ மடக்கித் தாழ்ந்து திரும்ப வேண்டும். பனி விழாத மாதங்களில் பனிச்சறுக்கு வீரர்கள் சக்கரம் பொருத்திய பலகைகளில் தார்ச்சாலையில் பயிலுகின்றனர் என்பதை அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, ஒருவித உறவும் தோன்றியது. அவர்கள் பனிக்காகக் காத்திருக்கின்றனர். நாங்கள் ஈரம் காயக் காத்திருக்கிறோம். இருவரும் அதுவரை முழங்காலை மடக்கிக்கொண்டிருக்கிறோம்.

மைதானம் திறக்கும் நாளில் சிறுவர்களின் முகத்தைக் காண வேண்டும். ஆனால் அம்மகிழ்ச்சி அரைமணிக்கு மேல் நீடிப்பதில்லை. சரளையில் பந்து உருண்டு வராது, துள்ளி வரும். நிறுத்தப் போனால் கணுக்கால் எலும்பில் படும். 160 கிராம் எடையுள்ள அந்தக் கெட்டிப் பந்தின் அடியை வாங்கியவர் மறப்பதில்லை. மட்டையைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தைத் தடுக்கும்போது விரல் முட்டிகள் தோலுரியும். மண்ணில் ஆடியவன் பந்தின் கடைசி நொடித் துள்ளல் வரை கண்ணை எடுக்கமாட்டான் என்று எங்கள் தலைமுறையினர் பெருமை பேசுவதுண்டு. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை.

1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்வெளியில் ஹாக்கி ஆடப்பட்டது. அதுவரை எந்த ஒலிம்பிக்கிலும் பதக்கமின்றித் திரும்பியிராத இந்திய அணி அங்கு ஏழாம் இடம் பெற்றது. 1968-இல் நம் தமிழ்நாட்டு முனீர் சேட் கோல் காவலராக இருந்து வெண்கலம் பெற்ற காலமும், 1980-இல் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்ற நிகழ்ச்சியும் பெருமைக்குரியனவே. ஆயினும் அதன்பின் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. தரை மாறியது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டோம். எனினும் தரை மாறினால் ஆட்டமே மாறுகிறது என்பதை நாங்கள் ஆண்டுதோறும் சிறு அளவில் காண்கிறோம். செயற்கைத் தளத்தில் பந்து துள்ளுவதில்லை, வழுக்கிக்கொண்டு பறந்து வருகிறது. மண்ணில் இரண்டு எண்ணும் நேரம் கிடைத்தால் அங்கே ஒன்று எண்ணுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் பிள்ளைகள் மண்ணில் கற்றுக்கொண்டு, தேர்வு நாளில் புல்வெளியில் நிற்கின்றனர். அவர்களிடம் திறமை குறைவு என்று தேர்வாளர் கருதினால், அத்தளத்தில் அவர்கள் நின்ற மணிகள் எத்தனை என்று கேட்கத் தோன்றுகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் எங்களுக்கு அது நல்ல வாரம்.

இன்னொன்றும் உண்டு. மேல்நிலைப் போட்டிகளுக்கான செயற்கைத் தளம் பெரும்பாலும் நீர் தெளித்து நனைத்தபின் ஆடுவதற்கென அமைந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீர்த் தேவை வெகுவாகக் குறைந்த தளம் பயன்பட்டது. வருங்காலம் அத்திசையில் செல்லக்கூடும். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே வந்து சேரும் நாளை எண்ணிக் குடம் வைத்துக் காத்திருந்த தாய்மார்களின் பிள்ளைகள், புல்வெளி நனைக்கப்படுவதைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. அதில் பொறாமையும் இல்லை, குறையும் இல்லை. "அண்ணே, அம்புட்டுத் தண்ணியா?" என்பதோடு சரி.

சென்ற பருவத்தில் எங்களிடம் ஒரு சிறுவன் இருந்தான். வயது பதினாறு, பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்து போவது அரிது. தாழ்வாரப் பயிற்சியில் ஒருநாளும் தவறாதவன், மைதானம் திறந்த இரண்டாம் வாரம் வரவில்லை. மூன்றாம் நாளும் காணோம் என்றதும் ஊருக்கே சென்றோம். ஊர் எட்டு மைல் தொலைவில். தந்தை இல்லை. தாயும் அவனும் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசலும். நிலத்தில் உளுந்து முற்றி நின்றது.

நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: உளுந்து முற்றினால் விடியற்காலைப் பனியிலேயே செடியைப் பிடுங்கியாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நெற்று வெடித்து மணி சிதறிப் போகும். எங்கள் பயிற்சிக்கு எந்த நேரமோ, அதே நேரம் உளுந்துக்கும். மாலையில் வரலாமே என்றால், மாலையில் களத்தில் அடிப்பு வேலை.

"ஆடட்டும் அண்ணாச்சி, நான் வேண்டாங்கலையே. இந்த உளுந்து வீட்டுக்கு வரணும்லா? கூலிக்கு ஆள் வச்சா மிஞ்சுறது என்ன?" என்று அத்தாய் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கணக்காகக் கேட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும், விடுதியில் இடம் கிடைக்கும் என்றெல்லாம் நாங்கள் சொல்லக்கூடியவை யாவும் 'கிடைக்கலாம்' என்னும் சொல்லில் முடிபவை. அவர் கையில் இருந்ததோ இவ்வாரத்து உளுந்து. எங்களுள் வங்கியில் பணிபுரியும் நண்பர் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "அவர் சொல்வதே சரி" என்று திரும்பும் வழியில் கூறினார்.

மறுநாள் பிள்ளைகளிடம் செய்தியைச் சொன்னோம். யோசனை எங்களுடையது அன்று. அணித் தலைவனாகிய பையனே கேட்டான். அவ்வார இறுதியில் இரண்டு விடியல்கள், பதினான்கு சிறுவரும் நாங்கள் நால்வரும் அந்நிலத்தில் இறங்கினோம். தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் கடைத்தெருப் பிள்ளைகளுக்கும் உளுந்துச் செடியைப் பிடுங்கும் பக்குவம் தெரியவில்லை. அத்தாய் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார். ஒன்று மட்டும் வியப்பு. குனிந்து நகர்வதில் எவனும் சோரவில்லை. தாழ்வாரத்தில் நாங்கள் கெஞ்சியும் கிடைக்காத முதுகுத் தாழ்வு அங்கு வந்தது. எங்கள் முதுகுகளைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறோம்.

மாசியில் தேர்வுக்குச் சென்றான். செயற்கைப் புல்வெளியில் அவன் நிற்பது அது நான்காம் முறை. முதற்பாதியில் இரண்டு முறை பந்து அவன் மட்டைக்குக் கீழே வழுக்கிச் சென்றது; மண்ணில் அப்படி நேர்ந்து நாங்கள் கண்டதில்லை. இரண்டாம் பாதியில் ஓரடி பின்வாங்கி நிற்கத் தானே கற்றுக்கொண்டான். பட்டியலில் அவன் பெயர் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் இருந்தது. அழவில்லை. "பந்து நெனைக்குறதுக்கு முந்தியே வந்துருதுண்ணே. இன்னும் பத்து நாளு அங்க நின்னா புடிச்சிருவேன்" என்றான். அந்தப் பத்து நாட்களைக் கேட்டுத்தான் இப்போது அலைந்துகொண்டிருக்கிறோம். வார நாட்களில் காலை ஆறு முதல் ஏழு வரை நான்கு நாட்களுக்கு வாய்மொழியாக இசைவு கிடைத்துள்ளது. எட்டு மைலை அவன் விடியுமுன் கடக்க மிதிவண்டி ஒன்றும் ஏற்பாடாகியிருக்கிறது. பின்சக்கரத்துக்குப் புது டயர் மட்டும் மாற்ற வேண்டும்.

செய்தியைச் சொல்ல அவன் வீட்டுக்குச் சென்றோம். அத்தாய் முற்றிலும் கேட்டு முடித்துவிட்டு, உள்ளே சென்று மோர் கொணர்ந்து வைத்தார். பிறகு கேட்டார்: "அடுத்து மிளகாய்ப் பழம் எடுக்கணும் அண்ணாச்சி. ஒங்க பையங்க அதுக்கும் வருவாங்களா?" அணியைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்திருக்கிறோம்.