தீ வளர்த்த காடு

தானாக முளைத்த காட்டில் மரங்கள் வரிசை கட்டி நிற்பதில்லை. ஃப்ளோரிடாவில் கிளெர்மான்ட் ஊருக்குத் தெற்கே உள்ள லூயிசா ஏரி மாநிலப் பூங்காவின் மணல்பாதையில் நடந்தபோது என் கண்ணை முதலில் உறுத்தியது அதுதான். சில இடங்களில் பைன் மரங்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன். ஒரு பக்கமிருந்து பார்த்தால் காடு. நாலடி தள்ளி நின்று பார்த்தால் நேர்நேரான வரிசைகள். யாரோ நட்டிருக்கிறார்கள். யார், எதற்காக, அதற்கு முன் இங்கே என்ன இருந்தது? இந்தக் கேள்விகள் அந்த நடையோடு விட்டுப் போகவில்லை. பூங்காவின் தகவல் பலகைகளில் தொடங்கி உள்ளூர் வரலாறு, காட்டியல் நூல்கள் என்று என்னை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போயின.

சுமார் 4,500 ஏக்கர் பரப்பு. ஆறு ஏரிகள், 20 மைலுக்கு மேல் நடைபாதைகள். ஃப்ளோரிடா தட்டையான பூமி என்று நினைத்து வருகிறவர்களுக்கு இங்குள்ள ஏற்ற இறக்கம் வியப்பாக இருக்கும். கடல்மட்டம் உயர்ந்திருந்த பழங்காலத்தில் தீபகற்பத்தின் பெரும்பகுதி நீருக்குள் இருந்தபோது தீவுகளாகத் தலைநீட்டி நின்ற மணல்மேட்டின் வடபகுதி இது. லூயிசா ஏரியின் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம். அருகிலுள்ள கிரீன் ஸ்வாம்ப் சதுப்பில் ஊறிய இலைகளின் துவர்ப்புச் சாறு இறங்கிய நிறம். கரையில் சைப்ரஸ் மரங்கள், நீரில் முதலை இனத்து அலிகேட்டர்கள், திறந்த வெளியில் சாம்பல்நிற நாரைகள்.

வரிசைகளுக்கான விடையின் முதல் பாதி எளிதாகவே கிடைத்தது. பைன்கள் நிற்கும் இந்த இடங்கள் ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்தவை. கிளெர்மான்ட்டைச் சுற்றிய குன்றுகள் முழுக்க ஒரு காலத்தில் ஆரஞ்சுதான். அந்தக் காட்சியை மேலிருந்து காட்டுவதற்கென்றே 1956இல் 226 அடி உயரத்தில் சிட்ரஸ் டவர் என்ற கோபுரத்தை அந்த ஊரில் கட்டினார்கள். பிறகு உறைபனி வந்தது. 1983 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு அடி, 1985 ஜனவரியில் மறு அடி, 1989 டிசம்பரில் மூன்றாவது. மரத்துக்குள் நீர் உறைந்து பட்டை வெடித்தது. முதல் பனிக்குத் தப்பித் துளிர்த்தவையும் அடுத்தடுத்த பனியில் கருகின. மறுபடி நட்டவர்களும் மனம் விட்டுப்போய் நிலத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் வீடு கட்டுகிறவர்கள். இன்று அந்தக் கோபுரத்தில் ஏறினால் தெரிவது கூரைகள். பூங்கா 1977இலேயே திறக்கப்பட்டிருந்தது. அதன் எல்லைக்குள் வந்த பழைய தோட்ட நிலங்களில் 1990களில் பைன் நடத் தொடங்கினார்கள்.

ஏன் பைன்? ஆரஞ்சுக்கு முன் இங்கிருந்தது அதுதான். லாங்லீஃப் பைன் என்ற நீள ஊசியிலைப் பைன் ஒருகாலத்தில் வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்தது. 1990களில் எஞ்சியது சுமார் 30 லட்சம் ஏக்கர். மரக்கட்டைக்காக வெட்டியது ஒரு பக்கம். வெட்டுவதற்கு முன்பே பிசினுக்காகக் கீறியது இன்னொரு பக்கம். அடிமரத்தில் பள்ளம் தோண்டி, அதற்கு மேலே V வடிவில் கீறிக்கொண்டே போவார்கள். வடியும் பிசினைக் காய்ச்சினால் டர்பன்டைன். சார்லஸ் ஹெர்ட்டி என்ற வேதியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தில் பள்ளம் தோண்டாமல் கிண்ணம் மாட்டிப் பிசின் எடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் மரங்களுக்குக் கொஞ்சம் ஆயுள் கூடியது. மனிதர்களுக்கு அதுவும் இல்லை. ஃப்ளோரிடாவின் டர்பன்டைன் முகாம்களில் உழைத்தவர்களில் மிகப்பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கடனில் சிக்கவைத்து நகரவிடாமல் வைத்திருந்தார்கள். சிறைக் கைதிகளை முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விடும் வழக்கம் இந்த மாநிலத்தில் 1923 வரை நீடித்தது. எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1939இல் கிராஸ் சிட்டி பக்கத்து முகாமுக்குப் போய் அவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். பைன் காட்டின் அழிவைப் பற்றிப் பேசும்போது ஏக்கர் கணக்கோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். பூங்காவில் பாதையோரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவரிடம் மரங்களை நட்டது பற்றிக் கேட்டேன்.

“நட்டதை எல்லாரும் கேட்கிறார்கள். எரிப்பதைக் கேளுங்கள்” என்றார். “தீ வைக்காவிட்டால் பத்துப் பதினைந்து வருஷத்தில் இந்த இடத்தை ஓக் மரங்கள் மூடிவிடும். அப்புறம் இது வேறு காடு.”

அங்கிருந்து என் தேடல் திசை மாறியது. ஊசியிலை உதிர்ந்து காய்ந்த தரையில் கோடை இடி விழுந்தால் தீ. அதற்கு மேல் பழங்குடி மக்கள் வைத்த தீ. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முட்டளவு உயரத்தில் தவழ்ந்து போகும் இந்தத் தீயால் வளர்ந்ததுதான் அந்த 9 கோடி ஏக்கரும். டலஹாசியைச் சேர்ந்த எலன் கால் லாங் என்ற பெண்மணி 1880களின் இறுதியிலேயே இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். கேட்பார் இல்லை. 1920களின் இறுதியில், காட்டை எரிக்காதீர்கள் என்று தென்மாநிலக் கிராமங்களில் லாரிகளில் திரைப்படம் காட்டிப் பிரசாரம் செய்தார்கள். ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவர் காடைப் பறவை ஆராய்ச்சிக்கு வந்து, தீ நின்ற இடத்தில் காடை குறைகிறது என்று கண்டார். 1931இல் வந்த அவருடைய நூலில் தீ பற்றிய அத்தியாயத்தை மட்டும் பலமுறை திருத்தி எழுத வேண்டியிருந்தது. காட்டுத்தீ என்றால் நாசம் என்று ஊறிப்போன கருத்தோடு இவர்கள் போராடியிருக்கிறார்கள். 1990இல் ஃப்ளோரிடா சட்டமியற்றி, திட்டமிட்டு எரிப்பதை நில உரிமையாளரின் உரிமை என்று அறிவித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில்தான் இங்கே பைன் நடவு.

சமீபத்தில் எரித்த ஒரு பகுதியில் உட்கார்ந்து ஒரு கன்றைப் பார்த்தேன். தண்டே இல்லை. தரையிலிருந்து நேராக ஊசியிலைக் கொத்து, புல் குத்து மாதிரிதான். நுனிகள் துருநிறத்தில் கருகியிருந்தன. இலைகளை விரலால் விலக்கினால் நடுவில் வெள்ளைச் செதில் போர்த்த மொட்டு ஈரமாக, ஒரு வடுவும் இல்லாமல் இருந்தது. இந்தப் புல் பருவத்திலேயே கன்று பல ஆண்டுகள் இருக்கும். மேலே வளராமல் ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கும். சுற்றிலும் உள்ள ஊசிகள் எரிந்து மொட்டைக் காக்கும். வேர் பலப்பட்டதும் ஒரே மூச்சில் உயர்ந்து, தீயின் எட்டுக்கு மேல் மொட்டைக் கொண்டுபோய்விடும். இதைவிடச் சாமர்த்தியமான மரக்கன்றை நான் பார்த்ததில்லை.

பத்தடி தள்ளிப் பாதிநிலா வடிவில் ஒரு வளையின் வாய், முன்னால் விசிறிபோலப் பரவிய மணல். கோஃபர் ஆமையின் வளை. 40 அடி நீளம்வரைகூடத் தோண்டும். தீ வரும்போது பாம்பும் தவளையும் எலியும் இதற்குள்தான் ஒதுங்கும். 350க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இந்த வளைகளைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆமை தின்பது தரையில் முளைப்பதை. அதுதான் இங்கே மீட்கக் கடினமானது. பைன் கன்றை நாற்றங்காலில் வாங்கி நட்டுவிடலாம். உழுது ஆரஞ்சு வைத்த மண்ணில் வயர்கிராஸ் என்ற கம்பிப்புல் தானாகத் திரும்புவதில்லை. வசந்தத்திலும் கோடையிலும் எரிந்தால்தான் அது நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். அதனால் அந்த விதைக்காகவே வேறொரு நல்ல காட்டைக் காலம் பார்த்து எரித்து, சேகரித்துக் கொண்டுவந்து தூவ வேண்டும். மரம் நட்டதும் காடு வந்துவிட்டது என்று கணக்கெழுதுகிறவர்கள் இந்தப் புல்லை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வெள்ளைக் கன்னத் திட்டுள்ள மரங்கொத்தி ஒன்று பெரிதும் இந்தப் பைன்களை நம்பி வாழ்வது. உயிருள்ள மரத்தில்தான் பொந்து குடையும். அதற்கு உள்வயிரம் மென்மையான முதிய மரம் வேண்டும், பெரும்பாலும் 80 வயதுக்கு மேல். இங்கே நட்டவற்றுக்கு வயது முப்பதை ஒட்டித்தான். இன்னும் ஐம்பது ஆண்டுகள் விடாமல் தீ வைத்தாக வேண்டும். காற்று, ஈரப்பதம், புகை நெடுஞ்சாலைப் பக்கம் போகுமா என்று எல்லாம் பார்த்து, அனுமதி வாங்கி, தீத்தடுப்புக் கோடு வெட்டி, ஆட்கள் டீசலும் பெட்ரோலும் கலந்த தீக்குடுவையோடு இறங்க ஏற்ற நாட்கள் ஆண்டில் கொஞ்சமே. வேலிக்கு வெளியே ஆரஞ்சு நின்ற மற்ற குன்றுகளில் வீடுகள் பெருகப் பெருக அந்த நாட்கள் இன்னும் குறையும். அங்கே குடிவருகிறவர்கள் புகை மணத்தால் தீயணைப்புத் துறையை அழைக்குமுன் பூங்காவின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, அரைநாள் சன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவர்களிடம் இந்தக் காடு கேட்பது அவ்வளவுதான்.