விருந்தினர் கூடம்

பெரிய விடுதிகள் பலவற்றில், கூடுதல் கட்டணம் செலுத்தியோர் மட்டுமே புகக்கூடிய தனிக்கூடம் ஒன்று உண்டு. கன்சியர்ஜ் லவுஞ்சு என்று அதற்குப் பெயர். கன்சியர்ஜ் என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் வாயில் காப்போனை, வீட்டைப் பேணுவோனைக் குறித்தது. இப்பணியாளர்கள் 1929-இல் பாரிசில் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். குறுக்காக வைத்த இரு பொற்சாவிகள் அதன் சின்னம். தொழில் நிமித்தம் பல நகரங்களில் இத்தகைய கூடங்களில் அமர்ந்து உண்டிருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. களைத்து வந்தவனுக்குச் சூடான தேநீர் யார் கொடுத்தாலும் இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் காந்தலூரில் அப்படி ஒரு கூடத்தில் அமர்வேன் என்று நான் எண்ணியதில்லை.

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாற்றுக் காட்டைக் கடந்து, மறையூர்ச் சந்தன மரங்களின் வேலியோரமாக மேலே ஏறினால் காந்தலூர். அஞ்சுநாடு என வழங்கும் பகுதியின் ஊர்களுள் ஒன்று. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் வயலிலும் வீட்டிலும் ஒலிப்பது பெரும்பாலும் தமிழே. தென்மேற்குப் பருவமழை மேற்கு மலைகளிலேயே பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுவதால் இது மழைமறைவு நிலம். கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கே ஓடுபவை மூன்றே. அவற்றுள் ஒன்றான பாம்பாறு இம்மலைப்பகுதியின் நீரைக் கொண்டுபோய் அமராவதியில் சேர்க்கிறது. தண்ணீர் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் எங்கள் பூண்டு மூட்டைகளும் சந்தைக்குப் போயின.

எங்கள் என்று எழுதிவிட்டேன். என் பெரியப்பாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் படிக்கட்டு நிலம் இருந்தது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைந்தன. கோடை விடுமுறை முழுதும் நாங்கள் அங்கேதான். அவர் மறைந்தபின் பங்காளிகள் விற்கத் தீர்மானித்தனர். 2006-இல் மெல்போர்னில் இருந்துகொண்டே பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். பெரியம்மா மட்டும், "தம்பி, ஒருதரம் வந்து பாத்துட்டுப் போடு" என்று தொலைபேசியில் சொன்னார். விடுப்பு இல்லை என்றேன். உண்மையில் விடுப்பு இருந்தது.

2023-இல் இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் காந்தலூரைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தேர்ந்து தங்க விருது அளித்த செய்தியைப் படித்த பின்னரே ஊர் நினைவு வந்தது. மறு ஆண்டு சூலையில் மனைவி, மகளுடன் போனேன். பதிவு செய்த விடுதி எங்கே இருக்கிறது என்பது கடைசி வளைவில் திரும்பும்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லடுக்கிய வரப்புகள் அப்படியே இருந்தன. பூண்டுக்குப் பதில் புல்தரை.

பழைய வீடு நின்ற மேட்டில்தான் அந்தக் கூடம். வாயிலில் ஓர் இளைஞர் பணிவாக அறைச்சாவியைக் காட்டச் சொன்னார், காட்டினேன். மலைபடுகடாத்தில், பரிசில் பெறச் செல்லும் கூத்தரிடம், மலைநாட்டார் வீடுகளுக்குள் தயங்கி நில்லாது சொந்த வீடுபோல் நுழையலாம் என்று ஒருவர் வழி சொல்கிறார். சாவியை நீட்டிக்கொண்டு நின்றபோது அது ஏனோ நினைவுக்கு வந்தது.

உபசாரத்தில் எக்குறையும் இல்லை. மாலை நான்கு மணிக்குத் தைலப்புல் இட்ட தேநீர், பாஷன் பழச்சாறு, மரத்தக்காளிச் சட்னியுடன் வாழைக்காய் பஜ்ஜி. மகள் உருளைக்கிழங்கு வறுவலை மட்டுமே தின்றாள். சுவரில் நிகழ்ச்சிப் பட்டியல்: முனியறைகளைக் காண நடை, ஜீப்பில் அருவி, மறையூரில் வெல்லம் காய்ச்சும் ஆலை, பழத்தோட்ட உலா. ஆலைக்குப் போனோம். கரும்புச் சக்கையையே எரித்துப் பெரிய கொப்பரையில் சாற்றைக் காய்ச்சி, சுண்ணாம்பு சேர்த்து அழுக்கெடுத்து, பாகு இறுகும் பதத்தில் கையாலேயே உருட்டுகிறார்கள். ஒவ்வோர் உருண்டையிலும் உருட்டியவரின் விரல் தடம் பதிந்திருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வெல்லத்தை மகள் முகர்ந்து பார்த்து, "கொஞ்சம் உப்பா இருக்குமாப்பா?" என்றாள். உப்பு இல்லாததே அதன் சிறப்பு என்பார் பெரியப்பா.

பழத்தோட்ட உலாவில்தான் அது நேர்ந்தது. வழிகாட்டிய உள்ளூர்ப் பையன் ஓர் ஆப்பிள் மரத்தடியில் நின்று, "இது பழைய சொந்தக்காரங்க வச்ச மரம் சார். வித்துட்டு வெளிநாடு போய்ட்டாங்களாம்" என்றான். நட்ட குழிக்குத் தண்ணீர் சுமந்தவன் நான். மகள் என் முகத்தைப் பார்த்தாள். கதையை அவளுக்கு வண்டியிலேயே சொல்லியிருந்தேன். நான் மரத்தின் வயதைப் பற்றி ஏதோ கேட்டேன். அவன் ஏதோ சொன்னான். அடுத்த மரத்துக்குப் போனோம்.

இரவு கூடத்தில் சுக்குக் காப்பி கொண்டுவந்தவர் சமையற்கட்டில் பணிபுரியும் முதிய பெண்மணி. மகள் தன் உடைந்த தமிழில், யாரையும் கேளாமல் அவரிடம் சொல்லிவிட்டாள்: "பாட்டி, அந்த ஆப்பிள் மரம் எங்க பெரிய தாத்தா வச்சது."

அவர் தட்டை மேசைமேல் வைத்தார். என்னை உற்றுப் பார்த்தார். சிறுவயதில் பூண்டுக் களத்தில் இவரைக் கண்டிருப்பேனோ என்னவோ, எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"நீ மெட்ராசுல படிச்ச தம்பியா? பெரியம்மா சொகமா இருக்குதா?"

2019-இல் உடுமலையில் காலமானார் என்றேன்.

"வித்த பொறவும் ரெண்டு வருசம் வந்துச்சு. பூண்டு நடுற நேரத்துக்குச் சரியா வரும். வேலிக்கு அங்கிட்டு நின்னு பாத்துட்டுப் போவும்."

இது எனக்குத் தெரியாது. பங்காளிகள் யாரும் சொன்னதில்லை. பெரியம்மாவும் சொன்னதில்லை.

அவர் மேலும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு வெல்ல உருண்டையைக் காகிதத்தில் மடித்துக் கொணர்ந்து மகளின் கையில் வைத்தார். பத்து மணிக்குக் கூடம் மூடப்படும் என்று வாயிலிலிருந்த இளைஞர் நினைவூட்டினார். "இருக்கட்டும்டா, குடிச்சிட்டு எந்திரிக்கட்டும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் என் எதிர் நாற்காலியில் அமர்ந்தார்.